கூட்டமைப்பு: ஒரு சொல்லும் பைப் பேண்ட் சங்கங்களும்

‘ஃபெடரேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல், உடன்படிக்கை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லான ‘ஃபோடஸ்’ என்பதன் வழியாக வந்தது. தத்தம் பெயரையும் நிர்வாகத்தையும் கைவிடாத பல அமைப்புகள், சில பொறுப்புகளை மட்டும் மனமொப்பிப் பொது அமைப்பு ஒன்றிடம் ஒப்படைப்பதே இதன் அடிப்படைப் பொருள். தமிழில் இதற்குத் தக்க சொல் கூட்டமைப்பு. கூட்டு, அமைப்பு என்ற இரு பகுதிகளும் அப்பொருளைத் தெளிவாகவே தருகின்றன. ஆயினும் நம் வழக்கில் இது நெகிழ்ந்து போயிருக்கிறது. இலங்கையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு என்ற பெயர் ஆங்கிலத்தில் ‘அலையன்ஸ்’ என்றே வழங்கியது. அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ்நாட்டுத் தேர்தல் பேச்சில் கூட்டணி என்கிறோம்.

கூட்டமைப்பு, கூட்டணி என்ற இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதைப் பைப் பேண்ட் உலகில் நன்றாகக் காணலாம். தோற்பைக் குழல்களும் முரசுகளும் சேர்ந்த இக்குழுக்கள் ஸ்காட்லாந்தின் படைப்பிரிவுகளில் உருவாகி, குடியேறியவர்களோடு கடல் கடந்து சென்றன. ஸ்காட்லாந்தில் 1930இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் பைப் பேண்ட் சங்கம், 1980இல் ‘ராயல்’ என்ற அடைமொழியைப் பெற்றது. அது நடுவில் ஒரு சங்கம், வட்டாரங்களில் அதன் கிளைகள் என்ற அமைப்புடையது. வட அயர்லாந்தும் அதன் ஒரு கிளையே. ஆகவே அதைக் கூட்டமைப்பு என்பது பிழை.

ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. மாநிலங்களுக்கு இடையே தொலைவு மிகுதி என்பதால் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் முதலிய மாநிலங்களில் தனித்தனிச் சங்கங்கள் வளர்ந்தன. ஒரு மாநிலக் குழு இன்னொரு மாநிலத்துக்குச் சென்று போட்டியிட வேண்டுமானால், தரப்பிரிவும் விதிகளும் நடுவர்களின் பயிற்சியும் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; முதல் தரக் குழு என்ற பெயருக்கு மெல்போர்னில் ஒரு பொருளும் சிட்னியில் வேறொரு பொருளும் இருந்தால் தேசியப் பட்டத்துக்கு மதிப்பே இராது. இந்தத் தேவைக்காகவே மாநிலச் சங்கங்கள் ஒரு ஃபெடரேஷனாக இணைந்தன. அதன் வழிவந்த அமைப்பு இன்று ‘பைப் பேண்ட்ஸ் ஆஸ்திரேலியா’ எனப்படுகிறது. மாநில அமைப்புகளும் இன்றுவரை இயங்குகின்றன.

வட அமெரிக்காவில் பிரிட்டிஷ் கொலம்பியச் சங்கம் 1932இலும், ஒன்டாரியோ சங்கம் 1947இலும், கிழக்கு அமெரிக்கச் சங்கம் 1964இலும் தோன்றின. அவை ஒன்றுகூடும் பொது அமைப்புக்கு ‘அலையன்ஸ்’ என்றே பெயர். இரு நாடுகளைச் சேர்ந்த தன்னாட்சிச் சங்கங்கள் கலந்து பேசும் அவ்வமைப்பைக் கூட்டணி என்பதே சரி. ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா ஆகிய மூன்றிடத்துப் பொது அமைப்புகளையும் ‘தேசியச் சங்கம்’ என்று பொதுப்பட மொழிபெயர்ப்பவர்கள், அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற செய்தியையே வாசகரிடமிருந்து மறைத்துவிடுகிறார்கள்.