பலகையில் ‘ஆண்மை’ எதற்கு?

சென்ற மாதம் குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரை நள்ளிரவில் நெஞ்சுவலியுடன் கொண்டுவந்தார்கள். வயது 49. நாக்கின் அடியில் நைட்ரேட் மாத்திரை வைக்குமுன், விறைப்புக்காகப் போடும் சில்டெனாபில் வகை மாத்திரை எதுவும் போட்டீர்களா என்று வழக்கம்போல் கேட்டேன்; இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். மனைவியும் மச்சினனும் அருகில் நின்றதால் இல்லையென்று தலையசைத்தார். சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் 70க்குச் சரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மறுநாள் சட்டைப்பையிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, “யாருட்டயும் சொல்லப்பிடாது சார்” என்றார்.

எங்கள் மாலைநேரப் பிரிவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். மூன்று முறை வந்து, எதிரிலிருக்கும் டீக்கடையில் ஊர்க்காரர்களைக் கண்டதும் திரும்பிப் போயிருக்கிறார். வாசல் பலகையில் ‘ஆண்மைக் குறைவுச் சிறப்புச் சிகிச்சை’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தால் யார்தான் வருவார்கள்?

எனக்கு அடங்காத எரிச்சலைத் தருவது அந்தச் சொல்தான். விறைப்புக் குறைபாடு பெரும்பாலும் ரத்தக்குழாய் நோய். ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத் தமனி 3 முதல் 4. ஒரே கொழுப்புப் படிவு இரண்டிலும் சேர்ந்தால் சிறியதுதான் முதலில் தடைபடும். எனவே மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே உடல் விடுக்கும் எச்சரிக்கையாக இது இருக்கக்கூடும். சர்க்கரை நோயும் புகையும் இதே வழியில்தான் கெடுக்கின்றன. இதில் ஆண்மை எங்கே வந்தது? சிறுவயதுச் சுயஇன்பத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று ஐம்பது வயதில் அழுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தால் நரம்பு தளர்வதுமில்லை, வேறெதுவும் கெடுவதுமில்லை. இக்குறைபாட்டைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்க, லாட்ஜில் அறையெடுத்து லேகியம் விற்பவர்களின் சுவரொட்டியிலிருந்து நாமும் அதே சொல்லை எடுத்துப் பலகையில் எழுதிவைத்திருந்தோம்.

பெயர் மாற்றம் புதிதல்ல. எச்.ஐ.வி. பரிசோதனை அறை ‘நம்பிக்கை மையம்’ ஆனதும், பால்வினை நோய்ப் பிரிவு ‘சுகவாழ்வு மையம்’ ஆனதும் நம் மாநிலத்தில்தான். நிர்வாகத்தில் சிலர் சிரித்தபோதும், ‘நாற்பதைக் கடந்த ஆண்களுக்கான இதய, சர்க்கரைப் பரிசோதனை’ என்று புதுப் பலகை வைத்தோம். அது பொய்யுமல்ல, அங்கே முதலில் பார்ப்பது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும்தான். ஆனால் பலகை மாறிய முதல் வாரமே, ஓ.பி. சீட்டில் பழைய பிரிவின் பெயர் அச்சாகி வந்தது. ஊழியர் அதை உரக்க வாசித்து ஆளைக் கூப்பிட்டார். இப்போது டோக்கன் எண் மட்டுமே கூப்பிடுகிறோம். விறைப்பு பற்றிய ஐந்து கேள்விகளும் எல்லோருக்கும் தரும் படிவத்தின் நடுவில் இருக்கின்றன. டிக் செய்தால் போதும், வாய்திறக்க வேண்டியதில்லை.

நண்பர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார் என்று மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். பிரஷர் மாத்திரையால்தான் இப்படி ஆகிறது என்று நீங்களே முடிவுசெய்து அதை நிறுத்தாதீர்கள்; சொன்னால் மாற்றித் தருவோம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் விறைப்பு மாத்திரையைத் தொடவே கூடாது. அப்படியும் போட்டுவிட்டு நெஞ்சுவலியோடு வந்துசேர்ந்தால், தயவுசெய்து, மனைவியைச் சற்று வெளியே அனுப்பச் சொல்லியாவது, என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது என்பதை எங்கள் காதில் சொல்லிவிடுங்கள்.