காட்டுத்தீயின் தீனியை அளப்பது எப்படி?

முதுமலையில் மழை குறைவான இடம் மசினகுடிக்குக் கிழக்கே, மாயாற்றை ஒட்டிய முட்காடு. கோடையில் அதுதானே முதலில் எரிய வேண்டும், நடுவில் இருக்கிற காடு ஏன் அதிகம் எரிகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. தீக்கு இரண்டு தேவை: தின்னத் தீனி (புல், சருகு, சுள்ளி, கட்டை), அந்தத் தீனியில் காய்ச்சல், அதாவது ஈரம் வற்றிய நிலை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் தீ படுத்துவிடும்.

முதுமலையின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்கு சுமார் 1,800 மி.மீ. மழை. கிழக்கே போகப் போக 800 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். மேற்கில் ஈரப்பாங்கான இலையுதிர் காடு, நடுவில் தேக்கும் வெக்காலியும் கருமருதும் நிற்கும் வறண்ட இலையுதிர் காடு, கிழக்கில் முட்காடு. முட்காட்டில் காய்ச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு புல்கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் மண் தெரியும்; தீ தாண்ட வழியில்லாமல் அணையும். மேற்கே தீனி ஏராளம், ஆனால் ஓடைக்கரைகளிலும் அடர்ந்த பகுதிகளிலும் ஈரம் விடாது. நடுக்காட்டில்தான் பருவமழை புல்லை ஆள் உயரத்துக்கு வளர்த்து, ஜனவரிக்குள் அதைக் காயவும் வைத்துவிடுகிறது. அதன்மேல் தேக்கிலைச் சருகு விழுகிறது.

ஆக, தீ எங்கே ஓடும் என்று சொல்ல வேண்டுமானால் காட்டின் வரைபடம் மட்டும் போதாது, தீனியின் வரைபடமும் வேண்டும்.

காட்டின் வரைபடம் இப்போது பழகிய வேலை. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். மழை முடிந்த டிசம்பரில் ஒரு படம், இலை கொட்டிய மார்ச்சில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால், இலையுதிர் மரம் எது, பசுமை மாறா மரம் எது என்று பிரிந்துவிடும். தரையில் போய் ஜி.பி.எஸ்.ஸுடன் மாதிரி இடங்களைக் குறித்து, அவற்றைக் கொண்டு கணினிக்குப் பழக்கி, பழக்கத்துக்குப் பயன்படுத்தாத வேறு இடங்களில் சோதிப்பார்கள். இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு. மரநிழலில் ஜி.பி.எஸ். 5 முதல் 10 மீட்டர் வரை தடுமாறும். அதனால் குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர் ஒரே மாதிரியான இடத்தின் நடுவில்தான் புள்ளி வைக்க வேண்டும். இரண்டாவது, பழக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே சோதனைப் புள்ளியும் இருந்தால் துல்லியம் 90 சதவீதம் என்று காட்டும்; அந்த எண்ணை நம்பக்கூடாது.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் செயற்கைக்கோள் பார்ப்பது பெரும்பாலும் காட்டின் கூரையை. தீ தின்பது தரையை.

தரையில் கிடக்கும் தீனியை விட்டத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். 0.6 செ.மீ.க்கும் மெல்லிய புல், சருகு, ஈர்க்குச்சி எல்லாம் '1 மணி' வகை. 2.5 செ.மீ. வரையுள்ள சுள்ளி '10 மணி'. 7.6 செ.மீ. வரையுள்ள விறகு '100 மணி'. அதற்கும் தடித்த கட்டை '1000 மணி'. இந்த மணிக்கணக்கு எரியும் நேரம் அல்ல, காயும் நேரம். சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ற ஈரத்தை எட்ட ஒரு குச்சி எவ்வளவு ஈரத்தை இழக்க வேண்டுமோ, அதில் 63 சதவீதத்தை இழக்க ஆகும் நேரம். 30 சதவீத ஈரத்தோடு கிடக்கும் ஈர்க்குச்சி, காற்று அதை 6 சதவீதத்துக்கு இழுக்கும் நாளில், ஒரு மணி நேரத்தில் 15 சதவீதத்துக்கு வந்துவிடும். அதே நிலைக்கு வரத் தடித்த கட்டைக்கு ஏறக்குறைய 42 நாள். மார்ச்சில் ஒரு கோடைமழை பெய்தால் ஊரே நிம்மதியாகிறது. ஆனால் மறுநாள் வெயில் ஏறியதும் புல் மறுபடி தயார்.

இனி, இந்தத் தீனி ஒரு ஹெக்டேரில் எத்தனை டன்? எல்லாவற்றையும் பொறுக்கி எடை போட முடியாது. இங்கேதான் மிக அழகான ஒரு வழி இருக்கிறது.

தரையில் 20 மீட்டர் நாடாவை நேராக இழுத்துக் கட்டுங்கள். நாடா எந்தெந்தக் கட்டையின் மேல் குறுக்கே போகிறதோ, அந்த இடத்தில் அதன் விட்டத்தை மட்டும் அளந்து எழுதுங்கள். நீளம் வேண்டாம். எடை வேண்டாம். மூன்று கட்டைகள் மாட்டின, விட்டம் 10, 8, 15 செ.மீ. என்று வையுங்கள். வர்க்கங்களைக் கூட்டினால் 389. அதை 1.234 ஆல் பெருக்கி, நாடாவின் நீளமான 20 ஆல் வகுத்தால் 24. ஹெக்டேருக்கு 24 கன மீட்டர் மரம் கிடக்கிறது. கன மீட்டருக்கு 0.6 டன் என்று கொண்டால் 14 டன்னுக்குச் சற்று மேல்.

நீளமே அளக்காமல் கன அளவு எப்படி வந்தது? 6 மீட்டர்க் கட்டை நாடாவில் மாட்டும் வாய்ப்பு, 2 மீட்டர்க் கட்டை மாட்டும் வாய்ப்பைப் போல மூன்று மடங்கு. நீளமான கட்டைகள் அந்த அளவுக்கு அடிக்கடி கணக்கில் ஏறுகின்றன. நாம் அளக்காமல் விட்ட நீளத்தை, மாட்டும் வாய்ப்பே அளந்து கொடுத்துவிடுகிறது. 1.234 என்பது 'பை' (3.14) என்ற எண்ணின் வர்க்கத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு 'பை' கட்டையின் வட்டமான வெட்டுமுகத்திலிருந்து வருகிறது. இன்னொன்று, கட்டைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதிலிருந்து வருகிறது. 1964இல் வாரன், ஓல்சன் இருவரும் மரம் வெட்டிய இடங்களில் மிஞ்சிய கழிவை அளக்க இந்த வழியைக் கொண்டுவந்தார்கள். 1968இல் வான் வாக்னர் அதைத் தீ ஆய்வுக்குக் கொண்டுவந்தார். 1974இல் ஜேம்ஸ் பிரவுன் சுள்ளிகளுக்கும் சேர்த்து நடைமுறை வகுத்தார். சுள்ளி ஏராளமாகக் கிடப்பதால் அதை நாடாவின் முதல் 2 மீட்டரில் மட்டும் எண்ணினால் போதும். 0.6, 2.5, 7.6 செ.மீ. பள்ளம் வெட்டிய ஒரு தகடு கையில் இருந்தால் வேலை விரைவாகும்: குச்சி நுழையும் மிகச் சிறிய பள்ளம் எதுவோ, அதுதான் அதன் வகை.

கணக்கு தவறும் இடமும் அந்த இரண்டாவது 'பை'தான். காற்று ஒரே பக்கமாகச் சாய்த்த மரங்கள் இணையாகக் கிடந்தால், நாடாவைக் குறுக்கே போட்டால் எண் ஏறும். நெடுக்கே போட்டால் இறங்கும். எனவே ஓர் இடத்தில் மூன்று திசைகளில் நாடா போட வேண்டும். புல்லுக்கும் சருகுக்கும் இந்த வழி ஆகாது. அரை மீட்டர்ச் சதுரச் சட்டம் வைத்து, அறுத்து, உலர்த்தும் அடுப்பில் (ஓவனில்) எடை குறைவது நிற்கும் வரை காயவைத்து எடை போட வேண்டும். ஈர சதவீதத்தை உலர்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும். 62 கிராம் உலர்ந்து 50 ஆனால் ஈரம் 24 சதவீதம். ஈர எடையால் வகுத்து 19 என்று எழுதினால் காடு இருப்பதைவிடக் காய்ந்ததாகத் தெரியும்.

இந்த டன் கணக்கு எதற்கு? ஹெக்டேருக்கு 5 டன் காய்ந்த புல், அதாவது சதுர மீட்டருக்கு அரை கிலோ. தீ நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்ந்தால், தீ ஆய்வாளர் பைரம் 1959இல் தந்த சூத்திரப்படி தீமுகத்தின் ஒவ்வொரு மீட்டரிலும் 900 கிலோவாட் வெப்பம். சுவாலை ஏறக்குறைய 1.8 மீட்டர். தழைக்கொத்தால் அடித்து அணைக்கும் ஆள் நெருங்கி நிற்கக்கூடியது சுமார் 1.2 மீட்டர் சுவாலை வரைதான். ஆகவே அந்த இடத்தில் ஆளை நேரே இறக்கக்கூடாது. பின்வாங்கி, தீத்தடுப்புக் கோட்டிலிருந்து எதிர்த்தீ வைத்து, வரும் தீக்கான தீனியை முன்பே எரித்துவிட வேண்டும். காவலரின் உயிரைக் காக்கும் முடிவு இது. தீ வருவதற்கு முன்பே வரைபடத்தில் இருக்க வேண்டியது.

ஒரே வகைக் காட்டுக்கு ஒரே தீனி எண்ணைக் கொடுத்துவிடுவது அடுத்த பெரிய தவறு. உண்ணிச்செடி புகுந்த தேக்குக்காடும் புகாத தேக்குக்காடும் மேலிருந்து ஒன்றுபோலத் தெரியலாம். உள்ளே உண்ணிச்செடி மரத்தில் சாய்ந்து ஏறி, தரைத்தீயைக் கிளைவரை கொண்டுபோகும் ஏணியாகிறது. முள்மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துச் சாகும். செத்தபின் அந்த இடத்தின் தீனி அடியோடு மாறும். மூங்கில் உரசித் தீப்பற்றியது என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதக் கையால் வருகிறது. மூங்கில்மேல் பழி போட்டால் அந்தக் கையை யாரும் தேடமாட்டார்கள்.

படம் வாங்கவும் ட்ரோன் வாங்கவும் பணம் ஒதுக்குவது எளிதாகிவிட்டது. நாடா பிடித்து, குனிந்து சுள்ளி எண்ணுபவருக்கான கூலிதான் திட்டத்தில் முதலில் வெட்டுப்படுகிறது. இது தவறு. இலை கொட்டிய மரத்தைப் பட்டையைத் தொட்டே பெயர் சொல்லும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் ஆட்கள் இல்லாமல் மார்ச் மாத மாதிரி இடங்களைச் சரியாகக் குறிக்க முடியாது. அவர்களுக்கு ஆண்டு முழுக்க நிலையான சம்பளம் வேண்டும்.

அளவும் ஒருமுறையோடு முடியாது. எரிந்த புல் அடுத்த மழையிலேயே திரும்பிவிடும். கட்டை திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். எனவே புல்லை ஒவ்வொரு ஜனவரியிலும், கட்டையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதே கோட்டில் அளக்க வேண்டும். கோட்டின் இரு முனையிலும் இரும்புக் கம்பியைத் தரைமட்டத்துக்கு அடித்து வையுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் யானை பிடுங்கிவிடக்கூடும்.