பெரிய டாக்டருக்கு ஏன் சொல்லித்தர வரவில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறாள் என் அக்கா மகள். போன ஞாயிறு அதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்தவள், சோற்றில் கை வைக்கும் முன்பே புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

வார்டில் ஒரு இளம்பெண். மூச்சு வாங்குகிறது, கால் வீக்கம், மல்லாந்து படுக்க முடியவில்லை. இவள் அரைமணி நேரம் விசாரித்து, காசநோய், நிமோனியா, ரத்தசோகை, நுரையீரலில் ரத்தக்கட்டி என்று பட்டியல் போட்டு வைத்திருந்தாள். பெரிய டாக்டர் வந்தார். கழுத்து ரத்தநாளத்தைப் பார்த்தார். ஜூலு மொழியில் ஒரே கேள்வி: "குழந்தைக்கு எத்தனை மாதம்?" இரண்டு மாதமாம். பிரசவத்தையொட்டி இதயத் தசை தளர்ந்துபோகும் நோயாக இருக்கும், எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "பார்க்கப் பார்க்க வந்துவிடும்" என்றாராம்.

"அவருக்குச் சொல்லித்தர மனசில்லை, மாமா."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

1978-ல் ஆர்தர் எல்ஸ்டீனும் கூட்டாளிகளும் டாக்டர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே டாக்டரின் மனதில் நாலைந்து ஊகங்கள் எழுந்துவிடுகின்றன. மாணவருக்கும் அப்படித்தான்! யோசிக்கும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நோயில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொன்றில் தடுமாறவும் செய்தார். அப்படியானால் திறமை எங்கே இருக்கிறது? தலைக்குள் அறிவு அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில்.

1990-ல் ஷ்மிட், நார்மன், போஷ்யூசன் என்ற மூவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அனுபவமுள்ள டாக்டர் ஒவ்வொரு நோயையும் ஒரு சின்னக் கதையாக வைத்திருக்கிறார்: யாருக்கு வரும், உள்ளே எது கெடுகிறது, வெளியே என்ன தெரியும். இதற்கு 'இல்னஸ் ஸ்கிரிப்ட்' என்று பெயர். அந்த இளம்பெண்ணின் நோய்க்கு உள்ள கதை இது: கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவமான சில மாதங்கள் வரை வரும். இதயம் ரத்தத்தைத் தள்ளத் திணறுகிறது. மூச்சு, வீக்கம், புடைத்த கழுத்து நாளம். அந்தக் கேள்வி வந்தது இந்தக் கதையின் முதல் வரியிலிருந்து. உடலியல் பாடமெல்லாம் மறந்துபோகவில்லை, மூட்டை கட்டி உள்ளே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு நோயாளியின் விவரத்தைப் படிக்கக் கொடுத்து, நினைவிலிருந்து எழுதச் சொன்னால் அதிகம் எழுதுபவர்கள் நிபுணர்கள் அல்ல, பாதி வழியில் இருக்கும் மாணவர்கள். நிபுணர் நாலு வரியில் முடித்துவிடுகிறார். அவருக்கு அது போதும். பக்கத்தில் நிற்கும் மாணவிக்குத்தான் போதவில்லை.

என் பெரியப்பா டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். ஜூன், ஜூலையில் மத்திக்கூட்டம் வரும்போது தண்ணீரைப் பார்த்துவிட்டு "இன்னும் நேரம் இருக்கு" என்பார். ஏன் என்று கேட்டால் முறைப்பார். "இப்பவே வலை போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கும்: பறவை எங்கே விழுகிறது, நிறம் எங்கே கருக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கொட்டுவார். சரியான கேள்வி மூட்டையை அவிழ்க்கும்.

நல்ல மருத்துவ ஆசிரியர்களின் உத்திகளில் பாதி இப்படி மூட்டை அவிழ்க்கும் வேலைதான். 1992-ல் நெஹர் என்பவரும் சகாக்களும் எழுதிய 'ஒன் மினிட் பிரிசெப்டர்' (ஒரு நிமிட ஆசிரியர்) முறையில் ஆசிரியர் முதலில் மாணவரை ஒரு முடிவு சொல்ல வைக்கிறார். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கிறார். அப்புறம் ஒரே ஒரு பொது விதி, சரியாகச் செய்ததற்கு ஒரு சொல், தவறுக்கு ஒரு திருத்தம். (ஒரு நிமிடத்தில் முடியாது, அது வேறு விஷயம்.) ஊசி போடுவது போன்ற கைவேலைக்கு பேட்டன் என்பவரின் நான்கு படிகள்: பேசாமல் செய்து காட்டு, விளக்கிக்கொண்டே செய், மாணவர் சொல்லச் சொல்ல நீ செய், கடைசியில் அவர் செய்யட்டும். மூன்றாவது படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். அங்கேதான் மாணவருக்கு எது புரியவில்லை என்பது வெளிப்படும்.

டர்பன் மருத்துவக் கல்லூரி, 1951-ல் வெள்ளையர் அல்லாதோருக்கென்று தனியாகத் தொடங்கப்பட்டது, 2001-ல் தன் பாடத்திட்டத்தையே நோயாளியின் பிரச்சினையைச் சுற்றி மாற்றி அமைத்தது. நோக்கம் நல்லது. ஆனால் நோயாளிகளைப் பார்த்தால் மட்டும் போதாது, எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். டர்பன் இருக்கும் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் காசநோய் அவ்வளவு அதிகம். இருமும் ஒவ்வொருவரிடமும் அதுவே கண்ணுக்குத் தெரியும். 2003-ல் ஹடாலா குழுவினர் ஈசிஜி படிக்கும் பயிற்சியில் சோதித்தார்கள். நோய்வாரியாகப் பழகியவர்களைவிட, கலந்துகட்டிப் பழகியவர்கள் புதிய ஈசிஜிகளைச் சரியாகப் படித்தார்கள். ஒன்றுபோல் தெரிபவை பக்கத்துப் பக்கத்தில் வந்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

இதைக் கேட்டபின் அவள் நோட்டை மாற்றிவிட்டாள். முன்பு நோய்க்கு ஒரு பக்கம். இப்போது 'மூச்சு வாங்குகிறது' என்று ஒரு பக்கம், அதில் ஆறு நோய்கள் அக்கம்பக்கமாக. மேலே முதல் வரி: குழந்தை இருக்கிறதா, எத்தனை மாதம்?