தெரிந்தவன் முன்னால் வாங்கினால் நமக்கென்ன நட்டம்?

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் தே தாரிக் ஆறுவதற்குள் பங்குச் செய்தி ஒன்று காதில் விழுந்துவிடும். "அண்ணே, அந்தத் தோட்டக் கம்பெனி வீடு கட்ட நிலத்த விக்கப் போகுதாம். மேலிடத்துல கையெழுத்து ஆயிருச்சு. அறிவிப்பு வர்றதுக்குள்ள வாங்கிப் போடுங்க." கேட்டவர் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற மண்டோர் என்று வைத்துக்கொள்வோம். சொன்னவரின் மைத்துனர் அந்தக் கம்பெனியில் கிராணி, அதாவது எழுத்தர்.

செய்தி பொய்யாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் ஆளே உள்ளே போகலாம்.

மலேசியாவின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டம் 2007-இன் 188ஆம் பிரிவு இதைத்தான் தடுக்கிறது. 'உள்ளாள்' என்றால் இயக்குநரும் கணக்கரும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பங்கின் விலையைக் கணிசமாக அசைக்கக்கூடிய, இன்னும் வெளிவராத தகவல் கையில் இருக்க வேண்டும். அது வெளிவராதது என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலாவது இருக்க வேண்டும். அவ்வளவுதான். கம்பெனியில் சம்பளம் வாங்க வேண்டியதே இல்லை. கிராணி, செய்தி சொன்ன அவருடைய மச்சான், மண்டோர் மூவருமே இதில் மாட்டலாம். வாங்குவது, விற்பது, இன்னொருவரை வாங்க வைப்பது, வாங்குவார் என்று தெரிந்தே அவரிடம் சொல்வது, எல்லாம் குற்றம்.

"நான் பத்தாயிரம் பங்கு வாங்கினா யாருக்கு என்னப்பா நட்டம்?" என்று மண்டோர் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் அவருடைய கைப்பேசித் திரையிலேயே இருக்கிறது. இடப்பக்கம் வாங்குவோர் வரிசை, வலப்பக்கம் விற்போர் வரிசை. நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழுள்ள பங்கின் விலை அரைக் காசுப் படிகளில் நகரும். 62 காசுக்கு வாங்க ஆள் நிற்கிறார், 62.5 காசுக்கு விற்க ஆள் நிற்கிறார். பத்தாயிரம் பங்கை வாங்கி உடனே விற்றால் அந்த இடைவெளியில் போவது 50 வெள்ளி.

இப்போது வரிசையில் நிற்பவர் பக்கம் இருந்து பாருங்கள். நல்ல செய்தி வருமுன் அவர் விற்க வைத்ததை யாரோ அள்ளிக்கொண்டு போகிறார். கெட்ட செய்தி வருமுன் அவர் தலையில் யாரோ கட்டிவிட்டுப் போகிறார். நாலு தடவை இப்படி அடிபட்டால் என்ன செய்வார்? வாங்கும் விலையைக் கீழே இறக்குவார், விற்கும் விலையை மேலே ஏற்றுவார், வைக்கும் அளவையும் குறைப்பார். இடைவெளி 2.5 காசு ஆனால் அதே பத்தாயிரம் பங்குக்கு 250 வெள்ளி. எந்த ரகசியமும் தெரியாமல், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்க வருகிறவரும் இந்தக் கூடுதல் செலவில் ஒரு பகுதியைக் கட்டித்தான் ஆக வேண்டும். வரிசை மெலிந்துவிட்டதால் அவர் விற்பதே விலையை இன்னும் இறக்கும். செலவு, லாபம் எதுவுமே இல்லாவிட்டாலும், எதிரே இருப்பவனுக்கு நம்மைவிட அதிகம் தெரியும் என்ற பயம் ஒன்றே இந்த இடைவெளியைத் திறக்கப் போதும் என்று 1985இல் கிளோஸ்டன், மில்க்ராம் என்ற இரு பொருளியலாளர்கள் காட்டினார்கள்.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு: தெரிந்தவன் வாங்கினால்தானே விலை சரியான இடத்துக்குச் சீக்கிரம் போகும்? உண்மைதான். ஆனால் சில நாளில் அறிவிப்பே செய்துவிடப் போகும் வேலையை இவர் கொஞ்சம் முன்னதாகச் செய்துவிட்டு, அதற்கு ஊரிடம் கூலி வாங்குகிறார். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் மாதாமாதம் வெளியிடும் கையிருப்புக் கணக்கையும் கம்பெனியின் காலாண்டு அறிக்கையையும் படித்து, கணக்குப் போட்டு வாங்குகிறவர் கதை வேறு. அவரும் தெரிந்தவர்தான், அவராலும் விலை நகரும். ஆனால் பொதுத் தகவலிலிருந்து ஊகித்ததைச் சட்டம் குற்றமாக்குவதில்லை. அது உழைப்பு.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பங்குச் சந்தை உள்ள 103 நாடுகளைப் பார்த்தது. 1998 முடிவில் 87 நாடுகளில் உள்ளாள் வணிகத்தைத் தடுக்கும் சட்டம் இருந்தது, வழக்குப் போட்டவை 38 மட்டுமே. முதல் வழக்குக்குப் பிறகுதான் கம்பெனிகள் பங்கு மூலதனம் திரட்டும் செலவு குறைந்தது என்கிறது அந்த ஆய்வு.

இங்கே தண்டனை பத்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வெள்ளிக்குக் குறையாத அபராதம். அப்புறம், பலருக்குத் தெரியாத 201ஆம் பிரிவு. இதன்கீழ், சந்தையைக் கண்காணிக்கும் பங்கு ஆணையம் சிவில் வழக்கும் தொடுக்கலாம். நட்டப்பட்டவரும் இழப்பீடு கேட்கலாம். அதனால் விற்ற அன்று தரகரிடமிருந்து வரும் காண்ட்ராக்ட் நோட்டை, பழைய ரசீது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். என்றைக்கு, என்ன விலைக்கு, எத்தனை பங்கு கொடுத்தீர்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அது.