கழுத்தில் நெறி கட்டினால் எத்தனை நாள் பொறுக்கலாம்?

"வலிக்கலைலா, அதான் விட்டுட்டோம்." திருநெல்வேலிப் பக்கத்தில் கழுத்துக் கட்டியோடு தாமதமாக வருகிறவர்கள் பலரும் சொல்லும் பதில் இதுதான். நெறிக்கட்டியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தவறு. தொண்டைவலி, காய்ச்சலோடு ஓரிரு நாளில் வீங்கி, தொட்டால் வலிக்கும் நெறி பெரும்பாலும் அந்தக் கிருமியோடு வந்து அதோடே போய்விடும். வலியே இல்லாமல் வாரக்கணக்கில் மெல்லப் பெருக்கிற கட்டியைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

நெறி என்பது வீங்கிய நிணநீர் முடிச்சுதான். நம் உடம்பில் ஏறத்தாழ 800 நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றில் 300 அளவுக்குக் கழுத்திலேயே உள்ளன. ஒவ்வொரு கூட்டமும் ஒரு பகுதிக்குக் காவல். சொத்தைப்பல், ஈறு வீக்கம் என்றால் தாடைக்கு அடியில் நெறி கட்டும். டான்சில் என்றால் தாடை மடங்கும் கோணத்துக்குக் கீழே. பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் பட்டாணி மாதிரி இரண்டு மூன்று தட்டுப்பட்டால், முதலில் தலைமுடியைப் பிரித்துப் பாருங்கள். பேன், ஈர், சொறிந்து புண்ணான இடம் இருக்கும். அதைச் சரிசெய்தால் நெறியும் மெல்ல வற்றிவிடும்.

தொட்டுப் பார்க்க முறை இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, பார்க்கிற பக்கமாகவே தலையைச் சற்றுச் சாய்த்தால் தசை தளரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளின் சதைப்பகுதியால் மெல்ல வட்டமாக உருட்டிப் பார்க்க வேண்டும். தாடைக்கு அடியில் தொடங்கி, காதுக்குப் பின்புறம், பிடரி, கழுத்தின் பக்கத் தசை ஓரம், கடைசியில் காறை எலும்புக்கு மேலே உள்ள குழி. கொண்டைக்கடலைக்கு மேற்படாமல், விரலுக்கடியில் நழுவினால் பெரும்பாலும் கவலையில்லை. புளியங்கொட்டையைத் தாண்டினால் கவனியுங்கள். உதட்டைத் தொட்டாற்போல் இருந்தால் மெது, மூக்கு நுனி போல் இருந்தால் கெட்டி, நெற்றியைத் தொட்டாற்போல் இருந்தால் கல். கல்லாக இருந்து, அசைத்தாலும் நகராத கட்டிக்கு ஒரு வாரம்கூடத் தவணை கொடுக்காதீர்கள். நாளுக்கு நாலு தடவை அமுக்கிப் பார்க்கவும் கூடாது. அமுக்க அமுக்க அதுவே வீங்கிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை போதும். காலண்டரில் தேதியும் அளவும் குறித்துவைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கினால் அது தைராய்டு. காது மடலுக்குக் கீழே கன்னத்தோடு வீங்கினால் பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். சாப்பிடும்போது மட்டும் தாடைக்கு அடியில் புடைத்து அடங்கினால் எச்சில் சுரப்பியில் கல். இவையும் காட்டவேண்டியவையே, ஆனால் வழி வேறு.

தொற்றினால் வந்த நெறி இரண்டு வாரத்தில் சுருங்கத் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை, அல்லது வளர்கிறது என்றால் அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காறை எலும்புக்கு மேல் வந்த கட்டிக்கு இந்த இரண்டு வாரமும் கிடையாது. எந்த அளவானாலும் உடனே காட்ட வேண்டும். நுரையீரல், வயிறு ஆகியவற்றின் நோய் சில சமயம் அங்கே முதலில் தலைகாட்டும். 50 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில் காரணமின்றி 5 கிலோ இறங்கினாலும், மாலைக் காய்ச்சல் விடாமல் வந்தாலும் அப்படியே. இரவு வியர்வையைப் பற்றிக் கேட்டால் "நம்ம ஊர் வெக்கைக்கு யாருக்குத்தான் வேர்க்காது" என்பார்கள். சாரல் மாதத்தில் மின்விசிறி ஓடும்போதும் சட்டை மாற்றும் அளவுக்கு நனைகிறதா என்பதுதான் கேள்வி. வாய் திறக்க முடியாமை, எச்சில் ஒழுகுதல், மூச்சுத்திணறல் இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சுளகை மடியில் வைத்து நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றும் பெண்கள் கழுத்தில் எது வந்தாலும் வேலைப் பிடிப்பு என்றே நினைக்கிறார்கள். பிடிப்பு உருண்டையாகத் தட்டுப்பட்டு மாதக்கணக்கில் வளராது. புகையிலை போடுகிறவர், பீடி குடிக்கிறவர் 40 வயதைத் தாண்டியிருந்தால் கட்டியை அறுக்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், தொண்டை, குரல்வளை எல்லாம் பார்க்க வேண்டும். புற்று தொடங்கிய புண் அங்கே இருக்க, கழுத்தை மட்டும் அறுத்தால் பின்னால் புற்றுநோய் சிகிச்சை சிக்கலாகும்.

நம் பகுதியில் இளவயதினருக்கு வலியில்லாமல் நாள்பட இருக்கும் நெறியில் முதலில் நினைக்க வேண்டியது டிபி. பழைய வைத்தியத்தில் கண்டமாலை என்றார்கள். ஒன்றோடொன்று ஒட்டி மாலை கோத்தாற்போல் வரும். சூடோ சிவப்போ இல்லாமல் உள்ளே சீழ் கட்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டால் தோல் வெந்துபோகும், கட்டி அப்படியே இருக்கும். பழுத்துவிட்டதென்று கீறிவிட்டால் மாதக்கணக்கில் ஆறாத புரையாகும். லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரையை யோசிக்காமல் கொடுத்தால் டிபி பாதி அடங்கி மறைந்துகொள்ளும். ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் மறைந்துகொள்ளும். முதலில் ஊசிப் பரிசோதனை, பிறகுதான் மருந்து.

அந்த ஊசி சாதாரணமாக ரத்தம் எடுக்கிற ஊசியைவிடப் பெரிதல்ல. சில நிமிட வேலை. ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயம் வேண்டாம். எடுத்ததில் ஒரு பகுதி கண்ணாடிச் சில்லில் தடவப்படும், மறுபகுதி டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்குப் போக வேண்டும். கட்டியையே எடுக்க நேர்ந்தால் இங்கேதான் தவறு நடக்கிறது: முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்ய வழியில்லை. ஒரு துண்டு சலைனில் (உப்புநீரில்) போகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

டிபி என்று உறுதியானால் மாத்திரை ஆறு மாதம், எடைக்கேற்ற அளவில். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் பிள்ளையின் கட்டியைத் துப்பட்டாவால் மறைத்துவைக்காதீர்கள். நுரையீரலில் இல்லாமல் கழுத்தில் மட்டும் இருக்கும் டிபி பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. நுரையீரலில் இருக்கிறதா என்பது மார்பு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கட்டி திடீரென்று பெருப்பதும், பக்கத்தில் புதிதாக ஒன்று முளைப்பதும் உண்டு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். செத்த கிருமிக்கு எதிராக உடம்பு காட்டும் வேகத்தாலும் இப்படி வீங்கும். மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ் கோத்திருந்தால் கீறாமல் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள்.