அலுமாரிக்கு மேல் கிடந்த ஸ்பெக்ட்ரம்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியில் செய்தி கேட்டோம். லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் என்ற சின்ன வீட்டுக் கொம்பியூட்டர் வீட்டில் இருந்தால், அது அலுமாரிக்கு மேலே போய்விட்டது. டைனமோ தருவது 3 வாட் அளவுதான். ஸ்பெக்ட்ரத்தின் அடப்டரோ 9 வோல்ற், 1.4 அம்பியர், அதாவது 12.6 வாட்.

சும்மா கிடந்ததுதானே, பழுதாகியிருக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உள்ளே மின்னைச் சேர்த்துவைக்கும் சின்ன உறுப்புகளான எலெக்ட்ரோலிற்றிக் கபாசிற்றர்களுக்குச் சும்மா கிடப்பதுதான் கேடு. அவற்றுள் அலுமினியத் தகட்டின் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படைதான் மின்னைக் கடத்தாத காவலி. மின் இருக்கும்வரை அந்தப் படை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் இல்லாவிட்டால் மெலிந்துபோகும். உள்ளிருக்கும் திரவமும் மெல்ல மெல்லக் காயும். ஆகவே ஆசையில் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். முதலில் கபாசிற்றர்களை மாற்றுங்கள். அப்புறம் மின் கொடுத்தவுடனே நினைவக சிப்புகளுக்கு 5, 12, மறை 5 வோல்ற் மூன்றும் வருகின்றனவா என்று மீற்றரில் பாருங்கள். மறை 5 இல்லாமல் 12 மட்டும் வந்தால் கீழ் 16 கே (கிலோபைற்) நினைவக சிப்புகள் பழுதாகிவிடும். வேறு அடப்டர் பொருத்துவதென்றால், இதில் நடுமுனைதான் மறை என்பதை மறக்கவேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கசற். 1982இல் வந்த இந்தக் கருவியின் புரோகிராம்கள் சாதாரணப் பாட்டுக் கசற்றில் ஒலியாகவே பதிந்திருக்கும். 0 என்றால் குறுகிய அலை, மீடிறன் ஏறத்தாழ 2,000 ஹேட்ஸ். 1 என்றால் அதன் இரட்டிப்பு நீளம், ஏறத்தாழ 1,000 ஹேட்ஸ். ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 செயலி சத்தம் எவ்வளவு என்று அளப்பதில்லை. அலை மேலும் கீழும் மாறும் கணங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று மட்டும் எண்ணுகிறது. அதனால்தான் பதிவு மங்கிய கசற்றையும் சத்தத்தைக் கூட்டி வைத்து வாசிக்க முடிகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! 48 கே நினைவகம் முழுவதும் ஏற ஏறத்தாழ 5 நிமிடம்.

ஆனால் வேகம் தளம்பினால் எண்ணிக்கை பிழைக்கும். ரேப் ரெக்கோடரின் ரப்பர் பட்டி நம் ஊர் வெக்கையில் இளகியிருக்கும், புதிது போடுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் துப்புரவாக்கும்வரை ஓடவிடாதீர்கள், அது நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் போகும். ஏறும்போது திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமும், பிறகு நீலமும் மஞ்சளும் கோடுகளாக ஓடவேண்டும். கோடுகள் வந்தும் ‘ஆர் ரேப் லோடிங் எரர்’ (கசற் ஏற்றுவதில் பிழை) என்று நின்றால், ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பி, கீச்சொலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் விடுங்கள். ஹெட் கொஞ்சம் சரிந்தாலும் முதலில் மங்குவது உயர்ந்த மீடிறன், அதாவது 0களின் அலை.