பதக்கம் வென்றவருக்கு மாத ஓய்வூதியம்: யாருக்கு, எவ்வளவு?

பதக்கத்தோடு ஊர் திரும்பும் வீரருக்கு விமான நிலையத்திலேயே மாலை விழுகிறது. அடுத்த சில நாட்களில் பரிசுத் தொகை கோடிகளில் அறிவிக்கப்படுகிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வென்ற தமிழ்நாட்டினருக்கு மாநில அரசு வெள்ளிக்கு 2 கோடி ரூபாயும் வெண்கலத்துக்கு 1 கோடி ரூபாயும் கொடுத்தது. விளையாட்டு வீரர் என்றால் வசதியானவர் என்று இன்று நாம் நினைப்பதற்கு இத்தகைய காட்சிகள்தான் காரணம்.

முன்பு நிலைமை வேறு. 1952-இல் ஹெல்சின்கியில், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை வென்ற மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ், பயணச் செலவுக்கே ஊராரிடம் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1984-இல் சாலை விபத்தில் அவர் இறந்தார். பதக்கம் வென்றவர்களுக்கு மத்திய அரசு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1994-இல்.

அந்தத் திட்டத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்றும் குறைவு. ஒலிம்பிக், பாராலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு ஆகியவற்றில் தங்கமோ வெள்ளியோ வெண்கலமோ வென்றவர்கள் இதற்குத் தகுதியானவர்கள். ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் இடம்பெறும் பிரிவுகளின் உலகக் கோப்பை, உலக சாம்பியன்ஷிப் பதக்கங்களும் கணக்கில் வரும். காது கேளாதோருக்கான ஒலிம்பிக்கில் வென்றவர்கள் 2022-இல்தான் சேர்க்கப்பட்டார்கள். அது மிகவும் தாமதமான நியாயம்.

தொகை 2018 ஏப்ரல் முதல் இரட்டிப்பானது. ஒலிம்பிக், பாராலிம்பிக் பதக்கம் என்றால், எந்த நிறமானாலும், மாதம் 20,000 ரூபாய். உலகக் கோப்பை, உலக சாம்பியன்ஷிப் தங்கத்துக்கு 16,000; அவற்றின் வெள்ளி, வெண்கலத்துக்கு 14,000. ஆசிய, காமன்வெல்த் தங்கத்துக்கு 14,000; வெள்ளி, வெண்கலத்துக்கு 12,000. வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். ஒலிம்பிக்குக்கும் பாராலிம்பிக்குக்கும் ஒரே தொகை என்பது இந்தத் திட்டத்தில் என் மனத்துக்கு மிகவும் நிறைவான அம்சம். ஆனால் விலைவாசி ஏறும்போது தானாக உயரும் அகவிலைப்படி போன்ற ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. அது பெரிய குறை.

இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். 30 வயது நிறைந்திருக்க வேண்டும். போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றிருக்கவும் வேண்டும். சேலம் மாவட்டத்தின் மாரியப்பன் தங்கவேலு 2016, 2021, 2024 என்று அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் பதக்கம் வென்றவர். அவரைப் போன்ற ஒருவருக்கும் களத்தில் இருக்கும்வரை இந்தப் பணம் வராது. மறுபக்கம், முழங்கால் காயத்தால் 25 வயதில் விளையாட்டை விட நேர்ந்த ஒருவர், வேலை தேடி அலையும் அந்த ஐந்து ஆண்டுகளை ஓய்வூதியம் இல்லாமலேயே கடக்க வேண்டும். உதவி மிகவும் தேவைப்படும் காலம் அதுதான். காயத்தால் விலகுபவர்களுக்காவது வயது வரம்பைத் தளர்த்த வேண்டும்.

விண்ணப்பிப்பது இப்போது எளிதாகியிருக்கிறது. முன்பு விளையாட்டுச் சம்மேளனமோ இந்திய விளையாட்டு ஆணையமோ பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். கோப்பு நகர மாதக்கணக்கில் ஆகும். 2022 முதல் மத்திய விளையாட்டுத் துறையின் இணையதளத்தில் வீரரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பதக்கத்துக்கான மத்திய அரசின் ரொக்கப் பரிசுக்கும் இதே தளம்தான். ஒலிம்பிக்கில் தங்கத்துக்கு 75 லட்சம், வெள்ளிக்கு 50 லட்சம், வெண்கலத்துக்கு 30 லட்சம் ரூபாய். ரொக்கப் பரிசுக்குப் போட்டி முடிந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். வரவேற்பு விழாக்களின் பரபரப்பில் இந்தக் கெடு தவறிவிடாமல் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது.

சர்வதேசப் பதக்கம் இல்லாமல் தேசிய அளவில் ஆடி ஓய்ந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. தமிழ்நாட்டில் நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கு மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தனியாக ஓய்வூதியம் வழங்குகிறது. அதற்கு வயது, வருமான வரம்புகள் உண்டு. விவரத்தை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம். வறுமையிலோ நோயிலோ தவிக்கும் வீரர்களுக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் பயிற்சியாளர்களுக்கும் உதவ, பண்டித தீனதயாள் உபாத்யாய தேசிய நல நிதி இருக்கிறது. அதற்கும் அதே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.